பன்னிரண்டு நிமிஷம் முன்னாடி

என் அக்காவுக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும், பிறகு மூக்கு. குரல் மூன்றாவதாகத்தான் உயரும். அவள் வேலை பார்க்கும் மருத்துவமனையில் பழகிய ஆட்கள், காது சிவக்கும்போதே ஏதோ வேலை நினைவுக்கு வந்ததுபோல நகர்ந்துவிடுவார்கள். அங்கே அவளுக்குத் ‘தீப்பெட்டி’ என்று பெயர். ஆள் சின்ன உருவம். உள்ளே என்ன அடுக்கி வைத்திருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெயர் அவளுக்கும் தெரியும். “நானாவா பத்திக்கறேன்? உரசறாங்க” என்பாள்.

பதினொரு வருடமாக அந்த மருத்துவமனையின் கம்ப்யூட்டர்களை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். தரைத்தளத்தில், துணி வெளுக்கும் அறைக்கும் மாடிப்படிக்கும் நடுவே ஜன்னல் இல்லாத ஓர் அறை. உள்ளே இரும்புச் சட்டத்தில் நான்கு சர்வர்கள், ஒரு மேஜை, கால் ஆடும் நாற்காலி, அதன் முதுகில் வருடம் முழுவதும் தொங்கும் ஒரு ஸ்வெட்டர். சர்வர்கள் சூடாகக் கூடாது என்று ஏ.சி. எந்நேரமும் ஓடும். மனுஷி விறைத்துப்போவதைப் பற்றி யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. எல்லாம் ஒழுங்காக ஓடும் நாளில் அப்படி ஒருத்தி கீழே இருப்பதே மேலே இருக்கிறவர்களுக்கு நினைவிருக்காது. ஏதாவது நின்றால் மட்டும் ஒரே நேரத்தில் ஏழு பேர் போன் செய்வார்கள். ஏழு பேரும் “உங்க சர்வர்” என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

நான் எழுதப்போவது ஒரு புதன்கிழமையைப் பற்றி. நான் அங்கே இல்லை. அக்கா சொன்னதையும் எலக்ட்ரீஷியன் சொன்னதையும் வைத்துத்தான் எழுதுகிறேன். இருவர் சொன்னதும் ஒன்றுதான். அக்கா எத்தனை தடவை கத்தினாள் என்பதில் மட்டும் கணக்கு வேறுபடுகிறது.

அன்று மாலை மூன்று மணிக்கு விசாரணை. ஆறாம் வார்டு சிஸ்டரின் வேலை அன்றோடு போகப்போகிறது என்று காலையிலேயே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பத்தொன்பது வருடம் அதே வார்டில் இருந்தவர். முந்தைய வியாழக்கிழமை விடியற்காலை ஒரு நோயாளிக்கு வலிப்பு வந்தது. டாக்டர் தன் அறையிலிருந்தே கம்ப்யூட்டரில் ஊசிக்கு உத்தரவு போட்டார். உத்தரவு பதிவான நேரம் ஆறு மணி பத்து நிமிடம். பத்து நிமிடத்துக்குள் ஊசி போட வேண்டும் என்பது விதி. ஊசி போட்டதாகப் பதிவான நேரம் ஆறு முப்பத்தொன்பது. நோயாளி பிழைத்துக்கொண்டார்; ஆனால் வலது கை சரியாக வரவில்லை, பேச்சு குழறியது. தாமதம்தான் காரணம் என்று குடும்பத்தார் புகார் எழுதிக் கொடுத்தார்கள். அன்று மத்தியானமே சிஸ்டரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இப்படி ஒரு காரணத்துக்காக வேலை போனால் வேறு எந்த மருத்துவமனையும் வாசலில்கூட நிற்க விடாது. சிஸ்டர் மூன்று முறை கடிதம் எழுதிக் கொடுத்தார். மூன்றிலும் ஒரே வரி: உத்தரவு வந்ததும் ஓடிப்போய்ப் போட்டேன். மேனேஜர் மூன்றுக்கும் ஒரே பதில் சொன்னார்.

“கம்ப்யூட்டர் பொய் சொல்லாது.”

புதன்கிழமை காலை ஒன்பதரைக்கு அதே மேனேஜர் அக்காவுக்குப் போன் செய்தார். அந்த நோயாளியின் வார்டுப் பதிவு மூன்று பிரதி வேண்டும், விசாரணைக்கு. அக்கா அதுவரை இந்த விவகாரத்தை அரைகுறையாகத்தான் கேள்விப்பட்டிருந்தாள். அச்சிட்ட தாளைக் கையில் எடுத்து, ஆறு பத்தையும் ஆறு முப்பத்தொன்பதையும் பார்த்தாள். அந்த சிஸ்டரா இப்படி என்று ஒரு நொடி யோசித்தாளாம். பிறகு பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருந்த வரி கண்ணில் பட்டது. அச்சிட்ட நேரம்: 10:02.

அவள் போனைப் பார்த்தாள். மணி ஒன்பது முப்பத்தாறு.

இன்னொரு பிரதி எடுத்தாள். தாள் சுடச்சுட வந்தது. 10:03 என்றது. போன் ஒன்பது முப்பத்தேழு என்றது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். டாக்டர் போடும் உத்தரவு ஒரு சர்வரில் பதிவாகிறது. வார்டில் சிஸ்டர்கள் மருந்துச் சீட்டையும் நோயாளியின் கைப்பட்டையையும் கருவியில் காட்டியதும், அது வேறொரு சர்வரில் பதிவாகிறது; வார்டுப் பதிவை அச்சிட்டுத் தருவதும் அதுதான். அந்தப் பதிவில் விழும் நேரம் சர்வரின் சொந்தக் கடிகாரத்தின் நேரம். வார்டில் இருக்கும் திரையின் மூலையில் தெரிவதோ அந்தத் திரையின் நேரம். அது சரியாகத்தான் இருக்கும். ஆகவே சர்வர் என்ன நேரத்தைக் குறித்துக்கொள்கிறது என்பது ஊசி போடுகிறவருக்கு அந்த நேரத்தில் தெரியாது. பின்னால் யாராவது தாளை நீட்டிக் கேட்கும்போதுதான் தெரியும்.

அக்கா இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். மேனேஜர் ஒரு டம்ளர் வெந்நீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

“சார், இந்த ரெண்டு பேப்பரும் இன்னும் பிறக்கவே இல்ல.”

“என்னம்மா சொல்றீங்க?”

“அடியில பாருங்க. பத்து மூணு. உங்க சுவத்துல மணி என்ன? வார்டு சர்வர் இருபத்தாறு நிமிஷம் வேகமா போகுது. சிஸ்டர் மேல தப்பே இல்ல.”

மேனேஜர் தாளைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கத்தில் ஏதாவது சமாதானம் அச்சாகியிருக்குமோ என்பதுபோல.

“சரி. கீழ போய் நேரத்தைச் சரி பண்ணிட்டு மறுபடி பிரிண்ட் எடுங்க. மூணு மணிக்குள்ள வேணும்.”

“சார், இப்ப சரி பண்ணினா இனிமே வர்றதுதான் சரியா வரும். வியாழக்கிழமை ஆறு முப்பத்தொன்பதுன்னு விழுந்தது விழுந்ததுதான்.”

“அப்ப அது அப்படியே இருக்கட்டும். இன்னைக்குத் தப்பா ஓடுதுன்னா வியாழக்கிழமையும் தப்பா ஓடிச்சுன்னு அர்த்தமா? நேத்து ராத்திரி கெட்டுப்போயிருக்கலாம் இல்லையா?”

“நாலு நாள் முன்னாடி நைட் சிஸ்டர்ங்க உங்ககிட்ட வந்து, டியூட்டி முடிஞ்சு போன அப்புறம் மாத்திரை குடுத்ததா பதிவாகுதுன்னு சொல்லலையா? இப்பதான் படியில ஒருத்தி சொன்னா.”

“சொன்னாங்க. முதல்ல நேரத்துக்கு வாங்க, அப்புறம் மெஷினைக் குறை சொல்லலாம்னு அனுப்பிட்டேன்.”

காது சிவந்தாயிற்று, மூக்கும் சிவந்தாயிற்று. “அதை என்கிட்ட ஏன் சார் சொல்லல?” என்று அக்கா கேட்டது வரவேற்பறை வரை கேட்டதாம்.

“கத்தாதீங்க. நிரூபிங்க. மூணு மணி வரைக்கும் நேரம் இருக்கு” என்றார் மேனேஜர். பிறகு தன் பேச்சிலேயே திருப்தியடைந்து, “சரியான நேரம்” என்று சேர்த்துக்கொண்டார்.

அந்த ஆள் எரிச்சலூட்டுகிறவர்தான். ஆனால் அவர் கேட்ட கேள்வி நியாயமானது என்பது படியிறங்கும்போது அக்காவுக்கே உறைத்தது. அதனால் கோபம் இரண்டு மடங்கானது. வியாழக்கிழமை விடியற்காலை அந்தக் கடிகாரம் என்ன சொல்லிக்கொண்டிருந்தது? அதுதான் வேண்டும். அது கிடைக்காவிட்டால் சிஸ்டருக்கு வேலை இல்லை.

முதலில் வித்தியாசத்தை வினாடி சுத்தமாக அளந்தாள். காலை ஒன்பது நாற்பத்தாறுக்கு இருபத்தாறு நிமிடம் நாற்பது வினாடி. திரையையும் போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நாலு படம் எடுத்துக்கொண்டாள். பிறகு சர்வரின் குறிப்புகளைத் திறந்தாள். சர்வர் தனக்கு நடந்ததையெல்லாம் வரி வரியாக எழுதிவைக்கும். யாரும் படிக்க மாட்டார்கள் என்று தெரிந்தும் விடாமல் எழுதும்.

வெள்ளிக்கிழமைக் குறிப்பில் ஒரு வரி கிடைத்தது.

ஒவ்வொரு சர்வரும் வெளியே இருக்கும் நேரச் சர்வர்களிடம் அடிக்கடி மணி கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும். அதற்கென்று உள்ளே ஒரு நிரல் ஓடும். ஒன்றரை மாதத்துக்கு முன்பு, வெளி இணைப்புக்குக் காவல் நிற்கும் ஃபயர்வால் பெட்டியை மாற்றினார்கள். மேனேஜர் கையெழுத்துப் போட்டார், ஒரு கம்பெனி ஆள் வந்து மாட்டிவிட்டுப் போனார், அக்காவிடம் ஒரு வார்த்தை இல்லை. புதுப் பெட்டி அந்த ஒரு வழியை மட்டும் அடைத்துவிட்டது. மற்ற மூன்று சர்வர்களின் கடிகாரங்கள் அடைத்த பிறகும் அதிகம் பிசகவில்லை. வார்டு சர்வர் பழையது; நாளொன்றுக்கு இருபது வினாடி வேகமாக ஓடத் தொடங்கியது. போன வெள்ளிக்கிழமைதான் அக்கா இதைக் கண்டுபிடித்து, கம்பெனிக்காரனைப் போனில் பிடித்து உலுக்கி, அந்த வழியைத் திறக்க வைத்தாள். நிரலைத் தொடங்கினாள். ‘ஓடுகிறது’ என்று வந்தது. நிம்மதியாகச் சாப்பிடப் போய்விட்டாள்.

அது நாலு நிமிடம்தான் ஓடியிருக்கிறது. பிறகு எழுதியிருந்தது: வித்தியாசம் ஆயிரம் வினாடிக்கு மேல் இருக்கிறது, இதை நம்ப முடியாது, கையால் நேரத்தை வைத்துவிட்டு மறுபடி தொடங்கவும். எழுதிவிட்டு நின்றுவிட்டது. அந்த நிரலின் குணம் அப்படி. கொஞ்சம் பிசகு என்றால் திருத்தும். ரொம்பப் பிசகு என்றால், வெளியே இருப்பவன் பொய் சொல்கிறானோ என்று சந்தேகப்பட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

“போறதுதான் போறே, யார்கிட்ட சொல்லிட்டுப் போனே?” என்று அக்கா திரையைப் பார்த்துக் கத்தினாள். அடுத்த அறையில் துணி வெளுப்பவர் துவைக்கும் மெஷினை நிறுத்திவிட்டு, “என்னையாம்மா கூப்பிட்டே?” என்று எட்டிப் பார்த்தார்.

கத்தி முடித்ததும்தான் கணக்குப் போட்டாள். ஆயிரம் வினாடி என்றால் பதினாறு நிமிடம் நாற்பது வினாடி. வெள்ளிக்கிழமையே பிசகு அதற்கு மேல் இருந்திருக்கிறது. ஆனால் அது எப்படி? பன்னிரண்டு நிமிடம்தானே இருந்தது, அதையும் அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமையே திருத்தியாயிற்றே?

அந்தச் செவ்வாய்க்கிழமை எனக்குத் தெரியும். அன்று அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். வேறொரு மருத்துவமனையில், தாழ்வாரத்து பெஞ்சில் அக்காவும் நானும் உட்கார்ந்திருந்தோம். பதிவேட்டு அறைப் பெண் அக்காவுக்குப் போன் செய்தாள்.

“அக்கா, இப்ப மணி ஒன்பதரை. ஆறாம் வார்டுல ஒன்பது நாப்பத்திரண்டுக்கு மாத்திரை குடுத்தாச்சுன்னு வருது. மேல மருந்து குடுக்கறாங்களா, ஜோசியம் பாக்கறாங்களா?”

வெளியிலிருந்து சர்வரைத் தொட அனுமதி கிடையாது. அறைச் சாவி எலக்ட்ரீஷியனிடம் இருக்கும். அக்கா அவரைக் கூப்பிட்டு, எந்தத் திரை, எந்தப் பெட்டி, எங்கே அழுத்த வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். கடைசியில், “பன்னிரண்டு நிமிஷம் முன்னாடி வைங்கண்ணே” என்றாள். அதே நேரத்தில் நர்ஸ் ஒருத்தி கதவைத் திறந்து அப்பாவின் பெயரைக் கூப்பிட்டாள். அக்கா போனில், “ஆமாண்ணே, ஆமா, முன்னாடிதான், சீக்கிரம்” என்று கத்திவிட்டு வைத்துவிட்டாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். எனக்கு ஒன்றும் தவறாகக் கேட்கவில்லை.

இப்போது அக்கா அந்தச் செவ்வாய்க்கிழமையின் குறிப்பைத் தேடினாள். கிடைத்தது. நேரம் மாற்றப்பட்டது: 9:58 இலிருந்து 10:10.

அவள் நாற்காலியைத் தள்ளிய வேகத்தில் அதன் ஆடும் கால் கழன்று உருண்டது.

எலக்ட்ரீஷியன் இரண்டாம் மாடித் தாழ்வாரத்தில் ஏணி மேல் நின்று டியூப்லைட் மாற்றிக்கொண்டிருந்தார். ஐம்பத்தேழு வயது. சட்டைப் பையில் டெஸ்டர், காதில் பென்சில், எதையும் இரண்டு முறை பார்த்துவிட்டுத் தொடுகிற மனிதர். அக்கா ஏணிக்கு அடியில் போய் நின்றாள்.

“அண்ணே, செவ்வாய்க்கிழமை உங்ககிட்ட என்ன சொன்னேன்?”

“டியூபைப் போட்டுட்டு இறங்கறேன். பிடிச்சுக்கோ, ஏணி ஆடுது.”

“அங்கேயே இருந்து சொல்லுங்க.”

“பன்னிரண்டு நிமிஷம் முன்னாடி வைக்கச் சொன்னே. வச்சேன்.”

“எங்க வச்சீங்க? ஒன்பது ஐம்பத்தெட்டைப் பத்து பத்துன்னு வச்சிருக்கீங்க!”

“ஆமா. பன்னிரண்டு நிமிஷம். கூட்டிப் பாரு.”

“கூட்ட யார் சொன்னா? முன்னாடின்னு சொன்னேன்! பன்னிரண்டு நிமிஷத்துக்கு முன்னாடி! ஒன்பது நாப்பத்தாறு!”

எலக்ட்ரீஷியன் ஏணியில் ஒரு படி இறங்கினார். “முன்னாடின்னா முன்னாடிதான்மா. பஸ்ல கண்டக்டர் முன்னாடி போங்கன்னா நீ பின்னாடியா போவே?”

“பத்து வருஷத்துக்கு முன்னாடின்னா எந்தப் பக்கம்ணே?”

“அது போன காலம். இது முள்ளு. முள்ளு முன்னாடி போச்சுன்னா நேரம் கூடும்.”

“அதுல முள்ளே இல்லண்ணே!”

ஆறாம் வார்டு ஆயா ஒருத்தி வாளியோடு நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். “எங்க வீட்டுலயும் இப்படித்தான், அலாரத்தை முன்னாடி வைடின்னா ரெண்டு பேரு ரெண்டு விதமா வைப்பாங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

“சரி, கையில வாட்ச் கட்டியிருக்கீங்களே,” என்றாள் அக்கா. “ஒம்போது நாப்பத்தாறுன்னு அது காட்டியிருக்குமே. சர்வரைப் பத்து பத்துன்னு வைக்கறோமேன்னு தோணவே இல்லையா?”

எலக்ட்ரீஷியன் முழுதாக இறங்கிவிட்டார். டியூபைச் சுவரோரம் பத்திரமாகச் சாய்த்து வைத்தார். அவருக்கும் கோபம் வந்திருந்தது. அவர் கோபப்பட்டால் குரல் தாழும்.

“தோணிச்சு. அதனாலதான் கேட்டேன். முன்னாடியா, முன்னாடியான்னு ரெண்டு தடவை கேட்டேன். நீ என்ன சொன்னே? ஆமாண்ணே, முன்னாடிதான், சீக்கிரம்னு கத்தினே. வாட்ச் ஒண்ணு சொல்லுது, நீ ஒண்ணு சொல்றே. வாட்சை நம்பலாம், அது என்னைத் திட்டாது. ஆனா மெஷின் உன்னோடது. இன்னொரு தடவை போன் பண்ணிக் கேட்டிருப்பேன். உன்கிட்ட மூணாவது தடவை யாரும்மா கேப்பாங்க?”

 என்னிடம் இதைச் சொல்லும்போது அக்கா இந்த இடத்தில் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்தாள்.

கீழே போய்த் தரையில் உட்கார்ந்து, பழைய தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள். வழி அடைபட்ட முப்பத்தாறு நாளில், நாளுக்கு இருபது வினாடி வீதம் பன்னிரண்டு நிமிடம் வேகம். எலக்ட்ரீஷியன் கையால் இன்னொரு பன்னிரண்டு. செவ்வாய் காலையில் ஆக மொத்தம் இருபத்துநாலு. அன்றிலிருந்து இன்றுவரை எட்டு நாள், நாளுக்கு இருபது வினாடி: இரண்டு நிமிடம் நாற்பது வினாடி. கூட்டினால் இருபத்தாறு நிமிடம் நாற்பது வினாடி. காலையில் அளந்ததும் அதேதான். வினாடிகூடப் பிசகவில்லை.

பிசகாமல் வந்ததுதான் அவளை மிகவும் வாட்டியது. வெறும் பன்னிரண்டு நிமிடம் வேகமாக விட்டிருந்தால், வெள்ளிக்கிழமை அந்த நிரல் தானே திருத்தியிருக்கும். பன்னிரண்டு நிமிடம் ஆயிரம் வினாடிக்குள் அடக்கம். சிஸ்டருக்கும் பதினாறு பதினேழு நிமிடத் தாமதம்தான் காட்டியிருக்கும், கேள்வி அப்போதும் வந்திருக்கும். ஆனால் ஒன்றுமே செய்யாமல் இருந்திருந்தால்கூட இவ்வளவு கெட்டிருக்காது. அவள் வாயிலிருந்து போன ஒரு சொல் இரண்டு மடங்காக்கிவிட்டது. வெள்ளிக்கிழமை சாப்பிடப் போகாமல் ஐந்து நிமிடம் திரை முன்னால் உட்கார்ந்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். சிஸ்டர் அந்தச் சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய் வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

அவள் மருத்துவமனையின் தலைவரான பெரிய டாக்டரைக் கீழே அழைத்து வந்தாள். அவர் அந்த அறைக்கு அதுவரை வந்ததே இல்லை. குளிரில் கையைக் கட்டிக்கொண்டு நின்று, திரையையும் தன் கைக்கடிகாரத்தையும் பார்த்தார். குறிப்புகளை வாசித்தார். அவர் பார்த்து முடித்த பிறகுதான் அக்கா கடிகாரத்தைச் சரியாக வைத்தாள். நிரலைத் தொடங்கி, இந்த முறை அரை மணி நேரம் அங்கேயே நின்றாள்.

இரண்டேமுக்காலுக்கு மேனேஜர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். குரலில் தேன் ஒழுகியது.

“பெரிய டாக்டர் சொன்னார். நல்ல வேலை செஞ்சீங்க. ஒரே ஒரு விஷயம். எலக்ட்ரீஷியன் நேரத்தைத் தப்பா வச்சுட்டார்னு எழுதிக் குடுத்துடுங்க. உண்மையும் அதுதானே? அவருக்கு இன்னும் ஒரு வருஷம்தான் சர்வீஸ். பெருசா ஒண்ணும் ஆகாது. ஃபயர்வால் கதையெல்லாம் இப்ப எதுக்கு?”

“சார், காலையில ஒரு சிஸ்டரை மாட்டி விட்டீங்க. அது நடக்கலன்னதும் மத்தியானம் ஒரு எலக்ட்ரீஷியனா? சாயங்காலத்துக்கு யாரை வச்சிருக்கீங்க? வாசல்ல இருக்கற வாட்ச்மேனா?”

“உங்களுக்காகத்தான் சொல்றேன்.”

“எனக்காக யாரும் ஒண்ணும் சொல்ல வேணாம்” என்று எழுந்து வந்துவிட்டாள்.

விசாரணை நடந்தது நீண்ட மேஜை போட்ட ஓர் அறையில். ஒரு பக்கம் பெரிய டாக்டரும் மேனேஜரும். எதிரில் சிஸ்டர், மடியில் கைப்பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு. அவர் யூனிபார்மில் வந்திருந்தார். வேலை போகும் நாளில் எதற்கு யூனிபார்ம் என்று யாரோ கேட்டதற்கு, இன்னும் போகலையே என்றாராம்.

அக்கா நின்றுகொண்டே சொன்னாள். வியாழக்கிழமை விடியற்காலை சர்வர் இருபத்துநாலு நிமிடம் முப்பத்தேழு வினாடி வேகமாக இருந்தது. ஆறு முப்பத்தொன்பதிலிருந்து அதைக் கழித்தால் ஆறு பதினாலும் இருபத்துமூன்று வினாடியும். உத்தரவு வந்தது ஆறு பத்துக்கு. சிஸ்டர் ஊசி போட்டது நாலு நிமிடம் இருபத்துமூன்று வினாடியில். மருந்து அலமாரி பூட்டைத் திறக்கவே ஒரு நிமிடம் ஆகும்.

பெரிய டாக்டர் தாளில் அதைத் தானும் ஒருமுறை கழித்துப் பார்த்தார். பிறகு, “நாலு நிமிஷம்” என்று சிஸ்டரைப் பார்த்துச் சொன்னார்.

சிஸ்டர் அழவில்லை. “ஆறு நாளாச்சு டாக்டர்,” என்றார். “என் பொண்ணு கேட்டா, நிஜமாவே லேட்டா போனியாம்மான்னு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? தெரியலடின்னு சொன்னேன். பேப்பர்ல அப்படி இருக்கே, நாமதான் எங்கயாவது நின்னுட்டோமோ, யார்கூடயாவது பேசிட்டிருந்தோமோன்னு நானே நம்ப ஆரம்பிச்சுட்டேன். ராத்திரி பூரா அந்தத் தாழ்வாரத்துல திரும்பத் திரும்ப நடந்து பாத்தேன், மனசுக்குள்ள.”

 மேனேஜர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “நேரத்தைத் தப்பா வச்சது யாருன்னு பதிவு பண்ணணும்” என்றார்.

“நான்” என்றாள் அக்கா. “கை எலக்ட்ரீஷியனோடது, சொல் என்னோடது. அவர் ரெண்டு தடவை கேட்டார், நான் கத்தினேன். வெள்ளிக்கிழமை சரியாச்சான்னு பாக்காம போனதும் நான்தான். எங்கிட்ட சொல்லாம ஃபயர்வாலை மாத்தினது சார். சிஸ்டர்ங்க வந்து சொன்னப்ப விரட்டினதும் சார்தான். எல்லாத்தையும் எழுதுங்க. வரிசையா எழுதுங்க.”

அக்காவுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மேனேஜருக்கு ஏதாவது வந்ததா என்று யாருக்கும் தெரியாது.

ஆனால் அன்றைய கதை அதோடு முடியவில்லை. நாலு மணிக்கு மேனேஜர் சிஸ்டரை அழைத்து ஒரு தாளை நீட்டினார். அக்கா தன் கணக்குத் தாள்களை ஒப்படைக்க அங்கே வந்திருந்தாள். சிஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்க வாசித்தார்: “போதிய ஆதாரம் இல்லாத காரணத்தால் தங்கள் மீதான நடவடிக்கை கைவிடப்படுகிறது.”

“கையெழுத்துப் போட்டுட்டு டியூட்டிக்குப் போங்க சிஸ்டர். வார்டுல ஆள் இல்ல” என்றார் மேனேஜர்.

“போதிய ஆதாரம் இல்லன்னா? அப்ப கொஞ்சம் இருக்கா?”

“அட, அது ஆபீஸ் பாஷை. எல்லாருக்கும் இப்படித்தான் எழுதறது.”

“எல்லாருக்கும் எழுதறது எனக்கு எதுக்கு?”

அக்காவின் காது சிவந்தது. “சார், இது என்ன சார் அயோக்கியத்தனம்? வினாடி வரைக்கும் கணக்குக் குடுத்திருக்கேன், அப்புறமும்...”

சிஸ்டர் திரும்பாமலேயே கையை உயர்த்தினார். “நீ சும்மா இரும்மா. இது என் கோவம். நான் பட்டுக்கறேன்.”

பதினொரு வருடத்தில் அக்காவை அப்படி யாரும் அடக்கியதில்லை. அவள் வாயை மூடிக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

சிஸ்டர் நாற்காலியை இழுத்து, மேனேஜரின் மேஜைக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார். கைப்பையைக் காலடியில் வைத்தார். “நாலு நிமிஷம் இருபத்துமூணு வினாடியில ஊசி போட்டாங்கன்னு எழுதுங்க. தப்பு மெஷின்லன்னு எழுதுங்க. அதைப் போட்டு ஒரு நகல் அந்த நோயாளி வீட்டுக்கு அனுப்புங்க. அவங்களுக்கும் தெரியட்டும். இன்னைக்கு வரைக்கும் அவங்க என்னைத் திட்டிக்கிட்டுத்தான் சாப்பிட்டிருப்பாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது, நீங்க குடுத்த பேப்பர் அது.”

“சிஸ்டர், வார்டு...”

“வார்டுக்கு ஆறு நாளா நான் இல்லாம நடந்துச்சு. இன்னும் அரை மணி நேரம் நடக்கும்.”

குரல் உயரவே இல்லை. ஊசி போடும் முன்பு நோயாளியிடம் கையை நீட்டச் சொல்வாரே, அந்தக் குரல்தான். மேனேஜர் அக்காவைப் பார்த்தார். அக்கா சுவரைப் பார்த்தாள். அவர் பெருமூச்சு விட்டு, கீபோர்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். இரண்டு விரலால்தான் தட்டுவார். சிஸ்டர் ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்ல அவர் தட்டினார். ‘வருந்துகிறோம்’ என்ற சொல்லை அவராகவே போட்டார். வேண்டாம் என்று சிஸ்டர் சொல்லவில்லை.

தாள் வந்ததும் சிஸ்டர் இரண்டு முறை படித்தார். அடியில் இருந்த அச்சிட்ட நேரத்தையும் விடவில்லை. சுவரைப் பார்த்து ஒத்துப்பார்த்துக்கொண்டார். கையெழுத்துப் போட்டார். நகலை மடித்துக் கைப்பையில் வைத்துவிட்டு எழுந்தார்.

தாழ்வாரத்தில் அக்கா பின்னாலேயே ஓடினாள். “சிஸ்டர், என்னை மன்னிச்சுடுங்க. நான் ஒரு சொல்லைச் சரியா சொல்லியிருந்தா...”

சிஸ்டர் நின்றார். அக்காவை மேலிருந்து கீழ் வரை பார்த்தார்.

“உள்ள வந்து உண்மையைச் சொன்னே. அதுக்கு நன்றி,” என்றார். “ஆனா உன் மேல இருக்கற கோவம் தனி. அதை இப்பப் பேச முடியாது, எனக்கு நேரமாச்சு. இன்னொரு நாள் நானே கீழ வர்றேன். உக்கார ஒரு நல்ல நாற்காலி வாங்கி வை.”

இதுவரை வரவில்லை. மேலே அவர்கள் எதிரெதிரே வந்தால் தலையசைத்துக்கொள்கிறார்கள். அக்கா புது நாற்காலி ஒன்று கேட்டு மேனேஜருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாள். கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் நிமிர்ந்து பார்க்கிறாள்.